உள்பக்கம் திரும்பிய நோட்டீஸ்

காலையில் நகராட்சி ஆள் வாசல் கேட்டில் கட்டிவிட்டுப் போன மஞ்சள் நோட்டீஸ், மதியத்துக்குள் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கடையிலிருந்து வீட்டுக்குச் சாப்பிட வந்த கண்ணாடிக் கடைக்காரர், "காத்துல திரும்பியிருக்கும்" என்று அதைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். அன்று இலைகூட அசையவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

இருபது வருஷமாக மூக்குக் கண்ணாடி விற்ற வாடகைக் கடையை இடிக்கப் போகிறார்கள். காலி செய்ய இரண்டே மாதம். வேறு இடம் கிடைக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய இந்தப் பழைய வீட்டின் கூடத்தைத்தான் கடையாக்க வேண்டும். ஆனால் வீடு இருப்பதோ குடியிருப்புப் பகுதி. வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி மனு போட்டால், முப்பது நாள் வாசலில் நோட்டீஸ் தொங்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். யாரும் கொடுக்காவிட்டால் அனுமதி. அனுமதி இல்லையென்றால் பிழைப்பு நடுத்தெருவில்தான்.

மறுநாளும் நோட்டீஸ் வீட்டையே பார்த்தது.

"எதிர்வீட்டுக்காரன் வேலைதான்" என்று கம்பி போட்டு இறுக்கினார். கம்பி முறுக்குக் கலையாமலே நோட்டீஸ் திரும்பியது. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். அடுத்த நாள் நாலும் வீட்டுக்குள் ஜன்னல் திட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"நீ கழட்டினியா?"

"டப்பா மூடியே எனக்குத் திறக்க வராது. ஸ்க்ரூவக் கழட்டப் போறேனாக்கும்!" என்ற மனைவி, குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, மதியம் கூடத்துல அந்த எழுத்து அட்டையப் படிச்சிட்டிருந்தது நீங்கதானே?"

கடை வரப்போகிற ஆசையில், கண் பரிசோதனை அட்டையை அவர் முன்கூட்டியே கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்.

"நான் கடையிலல்லவா இருந்தேன்?"

"அப்ப யாரோ படிச்சாங்க. கடைசி வரி வரைக்கும். தப்பே இல்லாம."

கண்ணாடிக்காரர் கூடத்துப் பக்கம் பயத்தோடு பார்த்தார். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை.

"கண்ணாடி போடாமலா?"

"வெளிய வந்து பார்க்க எனக்கென்ன பைத்தியமா? சமையல் ரூம் கதவைச் சாத்திக்கிட்டேன்."

கடைசியாக ஒரு யோசனை செய்தார். நோட்டீசை நகல் எடுத்து இரண்டு பக்கமும் ஒட்டினார். எப்படித் திரும்பினால் என்ன? பார்வையிட வந்த அதிகாரி எரிந்து விழுந்தார்.

"அரசாங்க நோட்டீசை நகல் எடுக்க நீங்க யாரு? முப்பது நாளை முதல்ல இருந்து எண்ணணும். இன்னொரு தடவை கை வச்சா மனு தள்ளுபடி!"

அதன்பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டார். நோட்டீஸ் பாட்டுக்கு வீட்டைப் பார்த்துத் தொங்கியது. பார்க்கப் பார்க்க அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட வந்தது. தெருவுக்குத் தெரியாவிட்டால் ஆட்சேபணை எங்கிருந்து வரும்?

நோட்டீஸ் கட்டிய நகராட்சி ஆள் தினமும் வந்து பதிவேட்டில் குறித்துக்கொள்வார். செருப்பைக் கழற்றி வைத்து, "வணக்கம் சார்" என்பார். பிறகு காலியாகக் கிடக்கும் கூடத்தைப் பார்த்து இன்னொரு வணக்கம் போடுவார்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். ஆமா, இப்படித் திரும்பித் தொங்குதே, பரவாயில்லையா?"

"படிக்க வேண்டியவங்க படிச்சாச் சரி சார்."

முப்பது நாள் முடிந்தது. விசாரணை அன்று கண்ணாடிக்காரர் சலவைச் சட்டையில் போய் உட்கார்ந்தார். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"தெருவுல யாரும் ஆட்சேபிக்கலை."

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா உங்க வீட்டு விலாசத்துலேர்ந்தே ஏழு ஆட்சேபணை வந்திருக்கே!"

"வீட்டுல நாங்க ரெண்டே பேரு சார்!"

அதிகாரி ஒன்றை எடுத்து வாசித்தார். "'கூடத்தில் மாட்டியுள்ள அட்டையின் கடைசி வரியை மாடிப்படியில் இருந்தபடியே படித்துவிட்டோம். எங்களில் யாருக்கும் கண்ணாடி தேவையில்லை. அன்னியர் நடமாட்டம் எங்கள் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும்.' குடும்பத் தகராறை வீட்டுலயே தீர்த்துக்கிட்டு வாங்கய்யா!"

நிராகரிப்பு முத்திரை 'டொக்' என்று விழுந்தது.

வெளியே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கடை போச்சு. அதைவிட, இனி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. நகராட்சி ஆள்தான் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லுங்க. என் வீட்டுல இருக்கற அந்த ஏழு பேரு யாரு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். அஞ்சு வருஷம் முன்னாடி நீங்க குடிவந்தப்பவே அவங்க ஆட்சேபணை குடுத்தாங்க. 'ரெண்டே பேரு, அதிர்ந்து பேசமாட்டாங்க, இருந்துட்டுப் போகட்டும்'னு நான்தான் கெஞ்சிக் கூத்தாடி உங்களை உள்ளே விட வச்சேன்."