பெயர் சொல்லாத சாவறிவிப்பு

நான் பாடியதைக் கேட்டு இதுவரை நாற்பது பேராவது அழுதிருக்கிறார்கள். என்னோடு சங்கீதம் படித்த தோழிகள் யாருக்கும் இந்தப் பெருமை இல்லை. அந்த நாற்பது பேருக்கும் நான் பாடுகிறேன் என்பதே தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொரோனா ஊரடங்குக் காலம். எங்கள் ஊர் பாறசாலைப் பக்கம், கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையில். நான் பாட்டு படித்தது திருவனந்தபுரத்தில். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான் (ஊர் மறந்துவிடாதபடி அடிக்கடி சொல்லிக்கொள்வேன்). அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். "பாட்டு படிச்சு என்ன செய்யப் போறா, நர்சிங்குக்கு விடப்பிடாதா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் முன்னாலேயே அவர் கல்லூரிக் கட்டணத்தை எண்ணிக் கொடுத்தார். நான் பரீட்சையில் தோற்றால் அவர்கள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

வகுப்பெல்லாம் போனுக்குள் போய்விட்டது. டீச்சர் ஒரு வரி பாடுவார். நாங்கள் திருப்பிப் பாடுவது தாளம் தப்பி அவரிடம் போய்ச் சேரும். கடைசியில் எல்லோர் மைக்கையும் அணைத்துவிட்டு, பாடிப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார். கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்த தோழி சிக்னலுக்காக அணைப்பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து பாடினாள். நான் குளியலறையில் பாடினேன் (எதிரொலி நம் குறையை மறைக்கும்).

பரீட்சை மட்டும் நேரலை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, கோயிலில் உண்டு. சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம். போதகரிடம் சாவி வாங்கினேன். வீடியோ ஓடும்போது என் பழைய போனில் சுருதி ஆப் ஓடாது. அதனால் கோயில் கீபோர்டில் ச, ப இரண்டு கட்டைகளையும் அழுத்திக் காகிதம் மடித்துச் செருகி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். போனைச் சாய்த்து வைக்க, மைக் மாட்டியிருந்த ஸ்டாண்டு வாகாக இருந்தது. காதில் இயர்போன். என் புத்திசாலித்தனம் எனக்கே புல்லரித்தது.

மறந்தது ஒன்றுதான். ஞாயிறு ஆராதனையை ஊரார் வீட்டிலிருந்தே கேட்கட்டும் என்று, அந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து நாலு தென்னைகளில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வாரநாளில் அது ஒலித்தால் சாவறிவிப்பு. முதலில் கீபோர்டில் நீளமாக ஒரு சுரம், பிறகு இறந்தவர் பெயர்.

அன்று சுரம் வந்தது, பெயர் வரவில்லை. என் சுபபந்துவராளி ஆலாபனை வந்தது. கேட்டாலே நெஞ்சு கனக்கும் ராகம். எங்கள் ஊருக்குப் பாட்டென்றால் வார்த்தை வேண்டும். வார்த்தையே இல்லாமல் ஒருத்தி "ஆ... ஆ..." என்று இழுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மேல் ஷட்ஜத்தில் கண்மூடி நின்றவள் கண் திறந்தால், ஜன்னலெல்லாம் முகக்கவசம். முற்றத்தில் ஊரே இடைவெளி விட்டு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சித்தி துக்க வீட்டுக்கென்று கெட்டில் நிறையப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்திருந்தார். என் குரலை அறிந்த அம்மா, ரப்பர் தோட்டத்திலிருந்த அப்பாவுக்குத்தான் ஏதோ என்று மூச்சிரைக்க ஓடிவந்தார். நான் ஒரு காதின் இயர்போனைக் கழற்றினேன்.

"ஆரு மக்கா போனது?" என்று ஜன்னலில் நின்ற செல்லையன் மாமா கேட்டார்.

"ஆரும் போகல்ல மாமா. எனக்குப் பரீட்சையாக்கும்."

"பின்ன எதுக்கு இந்தக் கரச்சில் கரைஞ்சே?"

எங்கள் பக்கம் கரச்சில் என்றால் அழுகை. போனில் பரீட்சை நடத்தும் அம்மையாரும், அங்கே யார் எதற்கு அழுகிறார்கள் என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். என் படிப்பு முடிந்தது என்று நினைத்து, விக்கி விக்கி உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, ராகம் தெரியாத இத்தனை பேர் அழுதிருக்கிறார்கள் என்றால் ராகம் சரியாகத்தான் வந்திருக்கிறது என்றார். "நிர்த்தண்டா, பாடிக்கோ."

நிறுத்த வேண்டாம் என்றாரே, பாடினேன். ஊர் நகரவில்லை. நாள்தோறும் சாவுக்கணக்கு கேட்டுச் சலித்த காலத்தில், யாரும் சாகவில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய விசேஷம். தள்ளித் தள்ளி உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே கேட்டார்கள். அந்தப் பரீட்சையில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

ஒலிபெருக்கிக்கு எல்லை தாண்டப் பாஸ் வேண்டாமே. சாலையை அடைக்கக் கொட்டியிருந்த மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நின்று, அப்பாவின் அக்கா, நான்தான் அழுகிறேன் என்று நினைத்து, தம்பி பெயர் சொல்லி மாரடித்துக்கொண்டிருந்தாராம். அப்பா மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் போய் நின்று தன்னைக் காட்டிய பிறகுதான் அத்தை அடங்கினார்.

இப்போதும் நான் வீட்டில் சுருதி பிடித்தால் அப்பா முதலில் போனை எடுக்கிறார்.

"அக்கா, பிள்ளை பாடப் போறா. நான் உயிரோடதான் உண்டு, கேட்டியா."