உறங்குகிறவர்களை எழுப்பாமல் புறப்படும் முறை

என் வாழ்க்கையின் பெரிய பிழைகள் எல்லாவற்றையும் நான் முறைப்படிதான் செய்திருக்கிறேன். அவசரப்பட்டு, ஆத்திரப்பட்டு, யோசிக்காமல் செய்த பிழை என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது. ஒவ்வொன்றையும் ஆற அமர யோசித்து, படிப்படியாக எழுதி, சரிபார்த்த பிறகுதான் செய்தேன்.

அதற்குக் காரணம் என் தொழில். மொன்றியலில் இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஓய்வுபெறும்வரை, மற்றவர்கள் வேலை செய்ய வேண்டிய முறைகளை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. எந்த ஆணியை எந்தப் பக்கம் திருகுவது, திருகிய பிறகு யாரிடம் சொல்வது, அவர் இல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்வது என்றெல்லாம் எழுதுவேன். (வீட்டிலை தேத்தண்ணி போடுற முறையையும் எழுதிக் குசினியிலை ஒட்டினனான். மனிசி அடுத்த நாளே கிழிச்சுப்போட்டா.)

நான் சொல்ல வந்தது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது. மகள் ஆரணிக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கோடையில் காம்பிங் போகிறார்கள், நாங்கள் மட்டும் ரொறன்ரோவுக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டு பேஸ்மென்டில் படுத்துவிட்டு வருகிறோம் என்று அவளுக்கு நெடுநாள் மனக்குறை. கூடாரத்தில் படுக்க என் மனைவி பவானி மறுத்துவிட்டாள். "மரத்துக்குக் கீழை படுக்கவோ பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றாள். ஆகவே ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்தேன். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். ஒரு வீட்டைத் தூக்கி லொறியில் வைத்ததுபோல வாகனம். பவானியின் தம்பி ராசனும் எங்களோடு வரச் சம்மதித்தான். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இரவு வேலை செய்பவன். பகலில் விழித்திருந்து உலகத்தைப் பார்க்க ஆசை என்றான்.

எல்லாம் பதிவு செய்து முடிந்த பிறகுதான் மொன்றியலின் மேற்குப் பக்கத்து பியர்பொன்ட்ஸிலிருந்து அக்கா தொலைபேசியில் வந்தாள். அவளுடைய மகன் சுரேனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்குகிற பொன்னுருக்குச் சடங்குக்கு நாள் குறித்துவிட்டாளாம். நாங்கள் காம்பிங் முடித்துத் திரும்பவேண்டிய அதே ஞாயிற்றுக்கிழமை காலை.

"அக்கா, அண்டைக்கு நாங்கள் காட்டுக்கையெல்லோ நிப்பம்?"

"காட்டுக்கை போறதுக்கு நீ ஐயரிட்டை நாள் பாத்தனியோ? நான் பாத்தனான். பத்து மணியோடை நல்ல நேரம் முடியுது. தாய்மாமன் பவுணைக் குடுத்தால்தான் பத்தர் அடுப்பு மூட்டுவார். பொம்பிளை வீட்டுக்காரர் கர்க்லாண்டிலையிருந்து வருகினம். வீடு முழுக்க டொக்டர்மார். என்ரை மானத்தை வாங்கிப்போடாதை, தம்பி."

உருக்குவதற்கான தங்கப் பவுண் காசை நான் ஏற்கனவே வாங்கிவிட்டேன். அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகப் பயந்து எங்களோடு காட்டுக்குக் கொண்டுபோனோம்.

மலைப் பக்கம், ஏரிக்கரையில் இடம். ஆரணி நீந்தினாள், ராசன் மீன் பிடிக்க முயன்றான், பவானி மோட்டார் ஹோமின் அடுப்பில் ரோல்ஸ் பொரித்தாள். சந்தோஷமான இரண்டு நாட்கள். நான் காம்பிங் இடத்தின் வாசலில் மாட்டியிருந்த விதிகளைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வாசித்தேன். காலை ஏழு மணிவரை அமைதி காக்க வேண்டும் என்று இரண்டு மொழியிலும் போட்டிருந்தது. நாங்களோ பத்து மணிக்குள் பியர்பொன்ட்ஸில் நிற்க விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டும். அந்த மோட்டார் ஹோமை ஸ்டார்ட் செய்தால் காசநோய்க்காரர் பத்துப்பேர் ஒன்றாக இருமுவதுபோல இருக்கும்.

எங்களுக்குப் பக்கத்து இடத்தில் மதாம் கொலெத், அவருடைய கணவர் ரெஜான் என்று வயதான கியூபெக் தம்பதி. ஒவ்வொரு கோடையும் அதே இடத்துக்கு வருகிறவர்கள். டிரெயிலரைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூக்கள் நட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மாலை பவானி ஒரு தட்டில் ரோல்ஸ் அடுக்கினாள்.

"என்னத்துக்கு?"

"நாளைக்கு விடியப் போறமெண்டு அவையளுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன்."

"தேவையில்லை. சத்தம் போடாமல் போறதுதான் இஞ்சத்தை மரியாதை."

"பக்கத்திலை இருக்கிற சனத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போறதே? கள்ளரோ நாங்கள்?"

நான் விடவில்லை. நம்மவர்கள் "அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்று எழும்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் மூன்று மணி நேரம் பேச வராத விஷயங்கள் எல்லாம் வாசலில்தான் வரும். செருப்பைப் போட்டபடி ஒரு கதை, கார்க் கதவைப் பிடித்தபடி ஒரு கதை, கண்ணாடியை இறக்கி ஒரு கதை. காட்டுக்குள்ளும் இதைத் தொடங்கினால் நாங்கள் பொன்னுருக்குக்கு அல்ல, சுரேனின் முதல் பிள்ளையின் பிறந்தநாளுக்குத்தான் போய்ச் சேருவோம். தட்டை வாங்கி உள்ளே வைத்தேன்.

பிறகு என் முறையை அறிவித்தேன். மின்சாரக் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாம் அன்றிரவே கழற்றப்படும். காலையில் அலுமாரிக் கதவு ஒன்றும் திறக்கப்படாது, அவை கிரீச்சிடும். ஆகவே யாரும் உடுப்பு மாற்றக் கூடாது, நான் உட்பட. என் பட்டு வேட்டி போய்ச் சேர்ந்த பிறகு கட்டப்படும். பவுண் காசு சீனி போட்டுவைக்கும் தகரப் பேணிக்குள் வைக்கப்படும். (கள்ளன் சீனிக்குள்ளை தேடான் எண்டது என்ரை கணக்கு.) யாரும் வாய் திறந்து பேசக் கூடாது. கடைசி விஷயம்தான் முக்கியம். எஞ்சின் ஸ்டார்ட் செய்யப்படாது. எங்கள் இடத்திலிருந்து வாசல்வரை பாதை இலேசாகக் கீழ்நோக்கிச் சரியும் பள்ளம். மூவரும் தள்ளுவார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். வாசலைத் தாண்டிய பிறகே எஞ்சின்.

இப்படி ஒரு யோசனை கனடாவில் பிறந்த எவனுக்கும் வந்திருக்காது. எங்கள் தலைமுறைக்குத்தான் வரும். பற்றரி செத்த ஓஸ்டின் கார்களைக் காலையும் மாலையும் தள்ளி வளர்ந்தவர்கள் நாங்கள். தள்ளுவது என்பது எங்களுக்குக் காரின் முதலாவது கியர்.

ராசன் மட்டும் மோட்டார் ஹோமை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "அத்தான், இது ஓஸ்டின் இல்லை. இது வீடு."

"பள்ளம் இருக்கு. தானாப் போகும்."

"அதுதான் எனக்கும் பயம்."

ஞாயிறு விடிவதற்கு முன், இடுப்பில் கட்டிய சாரத்தோடும் பெனியனோடும் சாரதி ஆசனத்தில் ஏறினேன். சாவியை அரைவாசி திருப்பி, கியரை நியூட்ரலில் போட்டு, யன்னலால் கையைக் காட்டினேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சரளைக்கல் மெல்ல நொறுங்கியது. வாகனம் நகர்ந்தது. கூடாரங்களுக்கு நடுவே ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு கல்யாணமண்டபம் அளவு பொருள் பூனைபோல ஊர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருட முறை எழுதலில் இவ்வளவு அழகான ஒன்றை நான் எழுதியதே இல்லை.

அந்த அழகு மூன்றாவது கூடாரம்வரை நீடித்தது. அதற்குப் பிறகு பள்ளம் தன் வேலையைத் தொடங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். அது மதிலை மிதித்ததுபோல இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அதுவும் திரும்பவில்லை. எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டும் கல்லாகிவிடும் என்று வாகனத்தின் கைநூலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நான் வாசித்தும் இருக்கிறேன். சாவியை முழுதாகத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தெரியும். ஆனால் வாசலுக்கு முன் எஞ்சின் போடக் கூடாது என்று என் முறையில் இருந்தது.

பின்னால் மூவரும் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. பேசக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் பவானி இரகசியக் குரலில் கத்தினாள்: "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோவன்!" ராசனும் இரகசியமாகவே என்னை ஏசினான். (பேசினதை இஞ்சை எழுத ஏலாது.)

அப்போது நான் செய்ததற்கு எந்த முறையிலும் இடம் இல்லை. என் கை தானாகச் செய்தது. எங்கள் ஊரில் வாகனம் ஓட்டப் பழகியவனுக்கு ஆபத்து என்றால் முதலில் ஞாபகம் வருவது பிரேக் அல்ல, ஹோர்ன். அடித்தேன். அடித்த கையை எடுக்கவில்லை. துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதுபோன்ற சத்தத்தோடு, இரண்டு பக்கமும் உறங்குகிறவர்களை வரிசையாக எழுப்பிக்கொண்டு, பாதை வளைந்த இடத்தில் நான் மட்டும் நேரே போய், கரப்பந்து விளையாடும் மணல் திடலில் முன்சில்லு புதைய இறங்கி நின்றேன். வலையின் ஒரு தூண் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஹோர்ன் அடித்தேன்.

கூடாரங்களின் ஸிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. டோர்ச் வெளிச்சங்கள் வந்தன. ரோஸ் நிற வீட்டு அங்கியும் தலைமுடியில் சுருள் சுற்றிய உருளைகளுமாக மதாம் கொலெத் முன்னால் வந்து என் யன்னலடியில் நின்று ஏதோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியும். அன்றைக்கு வரவில்லை.

"என்னவாம்?" என்று ஆரணியைக் கேட்டேன்.

"ஏன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணேல்லை எண்டு கேக்கிறா."

"ஒருத்தரின்ரை நித்திரையும் குழம்பக் கூடாதெண்டுதான் எண்டு சொல்லு."

ஆரணி என்னைப் பார்த்தாள். "அப்பா, ப்ளீஸ். இதை நான் ட்ரான்ஸ்லேட் பண்ண மாட்டன்."

"சொல்லு பிள்ளை."

சொன்னாள். ஒரு கணம் காடே அமைதியானது. விதிகளில் கேட்டிருந்த அதே அமைதி. பிறகு மதாம் கொலெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். விஷயம் கூடாரம் கூடாரமாகப் போனது. போன இடமெல்லாம் சிரிப்பு வெடிப்பது வரிசையாகக் கேட்டது. எஞ்சின் சத்தம் ஒரு சத்தமா, மீன் பிடிக்கப் போகிறவர்கள் தினமும் இருட்டோடு ஸ்டார்ட் செய்கிறார்களே, அமைதி விதி பாட்டுக்கும் கூத்துக்கும்தானே என்றார் மதாம் கொலெத். ரெஜான் காதில் பஞ்சு வைத்துத்தான் படுப்பாராம். நேற்று மாலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதாமே எங்களுக்குக் கோப்பி போட்டுத் தந்திருப்பாராம்.

பவானி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் அவளுக்கு ஒரு தனித் திறமை உண்டு.

உள்ளே போய்ப் பார்த்தால் அலுமாரிகள் எல்லாம் தாமாகவே திறந்திருந்தன. கிரீச்சிட்டனவா தெரியாது, ஹோர்னில் கேட்கவில்லை. என் பட்டு வேட்டி கீழே கிடந்தது. அதன்மேல் முதல்நாள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. சீனிப் பேணி கவிழ்ந்து தரை முழுக்கச் சீனி. நான் முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் சீனியைத் துழாவினேன். காசு இல்லை. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். இல்லை. காதுக்குள் அக்காவின் குரல் கேட்டது.

"என்னத்தைத் தேடுறியள்?" என்று வாசலில் நின்று பவானி கேட்டாள்.

"பவுண்! பவுணைக் காணேல்லை!"

அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து விரித்தாள். காசு மினுங்கியது. "நீங்கள் சீனிக்குள்ளை வைச்ச உடனையே நான் எடுத்திட்டன்."

இனி மணலிலிருந்து வெளியேற வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன் (இப்ப ஆரை எழுப்பப் பயம்?), ரிவேர்ஸ் போட்டேன். சில்லுகள் சுழன்றன, வாகனம் இன்னும் கீழே போனது. அப்போது ரெஜான் அங்கியின் கையை மடித்துவிட்டு மோட்டார் ஹோமின் முகத்தில் தோளைக் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். பைஜாமாக்காரர், அரைக்காற்சட்டைக்காரர், பல் துலக்கும் தூரிகையை வாயில் வைத்தபடி ஒருவர் என்று முப்பது பேராவது இருக்கும். ராசன் சமையலறையில் கட்டளை கேட்டே பழகியவன். அன்றைக்குக் கட்டளை போட்டான்.

"ஒண்டு, ரெண்டு, தள்ளு!"

இரண்டாம் முறை அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். "தல்லு! தல்லு!" மூன்றாம் முறை மோட்டார் ஹோம் எல்லார் முகத்திலும் மணலை வாரி அடித்துவிட்டு மேலே ஏறியது. மணல் குளித்த முப்பது பேரும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு போய்விட முடிந்ததா? மதாம் கொலெத் கோப்பி கொண்டுவந்தார். பவானி ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரெஜான் கியூபெக் வழக்கப்படி அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு விடைகொடுத்தார். அவள் இறுகிப்போய் நின்றாள். ரோல்ஸுக்குள் என்ன போடுவது என்று ஒரு கதை, கதவைப் பிடித்தபடி ஒரு கதை, கண்ணாடியை இறக்கி ஒரு கதை. வாசலில் விடைபெறுவதில் கியூபெக்காரர் எங்களுக்கு ஒரு துளியும் குறைந்தவர்கள் அல்லர். கடைசியாக ரெஜான் என் பெனியனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் சேர்ட் ஒன்றைக் கொண்டுவந்து யன்னலால் தந்தார். அவசரத்தில் என்ன சேர்ட் என்று பார்க்காமலே மாட்டிக்கொண்டேன். நாங்கள் நெடுஞ்சாலையில் ஏறும்போது சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது.

பியர்பொன்ட்ஸில் அக்கா வீட்டுத் தெருவில் மூன்று வீட்டு வாசல்களை மறித்து வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கினேன். நல்ல நேரம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பொன்னை உருக்கும் பத்தர் அடுப்புக்கு முன்னால் இருந்தார். கர்க்லாண்ட் டொக்டர்மார் பட்டிலும் கோட்டிலும் வரிசையாக இருந்தார்கள். வாசலில் அக்கா. அவள் கண் என் தலையிலிருந்து இறங்கி நெஞ்சில் நின்றது.

"தம்பி, உன்ரை சேட்டிலை என்ன?"

குனிந்து பார்த்தேன். தண்ணீரிலிருந்து துள்ளுகிற ஒரு பெரிய மீன். வாய் திறந்திருந்தது. கீழே மணல் ஒட்டிய சாரம்.

"மரக்கறிச் சடங்குக்கு மீனோடை வந்து நிக்கிறான்," என்று அக்கா யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள். மணமகளின் தந்தை, பெரிய இருதய நிபுணர், என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன நடந்தது?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ராசன் சொல்லிவிட்டான், செய்கையோடு. ஹோர்ன் வரும் இடத்தில் அந்த மனிதர் சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் அதுவரை அக்கா வீட்டில் சிரித்ததே இல்லையாம். நான் மீனோடு போய்ப் பவுணைக் கொடுத்தேன். பத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உருக்கினார். அந்தப் படம் கல்யாண அல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது.

சேர்ட்டைத் திருப்பிக் கொடுக்க அடுத்த கோடையில் போனோம். ரெஜான் வாங்க மறுத்துவிட்டார். அதற்கடுத்த கோடையிலும் கொண்டுபோனோம். அப்படியே வருடாவருடம் போகத் தொடங்கி, மதாம் கொலெத் இப்போது ரோல்ஸ் நன்றாகவே பொரிக்கிறார். மீன் சேர்ட் இன்னும் என்னிடம்தான்.

எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் நான் "அப்ப போட்டு வாறன்" என்று எழும்பினால் யாரும் "இருங்கோ" என்று சொல்வதில்லை. "தள்ளவோ?" என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் சுரேன் வீட்டிலும் அதுதான். அவனுடைய கடைசி மகளுக்கு ஆறு வயது. தமிழ் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. வாசல்வரை ஓடி வந்து, இரண்டு கையையும் என் முதுகில் வைத்து, சுத்தத் தமிழில் கேட்டாள்: "தாத்தா, தள்ளவோ?"

நான் வாயால் ஹோர்ன் அடித்தேன். தெரு முழுக்கக் கேட்கும்படி அடித்தேன். பிறகுதான் காரில் ஏறினேன். இப்போது அதுதான் முறை.