ஒன்பது முறை சாத்திய கதவு

கண்ணெதிரே இருப்பதை உள்ளபடி வரையத் தெரியாதவன் நான். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, லண்டனிலிருந்து கடிதமே வந்திருக்கிறது.

ரயில் பதுளைக்கு வந்திராத காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. கடைவீதியில் அப்பாவின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கப் பிறந்தவன், கையெழுத்து அழகாக இருந்த ஒரே காரணத்தால் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராகிவிட்டேன். (கையெழுத்து அழகாக இருப்பவனுக்கு மூளையும் இருக்கும் என்று வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.)

தோட்டத்துத் துரைக்குக் கல் பைத்தியம். ஹல்துமுல்லை வேட்டைக்காரர்களின் பழைய துப்பாக்கிகளில் பொறி கிளப்புவதற்கு ஒரு சக்கிமுக்கிக் கல் இருக்கும். சீமையிலிருந்து வந்த கல். அதற்கும் முன்னால் ஏதோ ஒரு கடலின் அடியில் சேற்றுக்குள் விளைந்தது. துரை அவற்றை வாங்கி, மெல்லிய செதில்களாகத் தட்டி, கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்து ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். காய்ச்சலில் அவர் கை நடுங்கத் தொடங்கிய பிறகு, பார்த்ததை வரையும் வேலை எனக்கு வந்தது.

முதன்முதலில் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. தேன்நிறக் கல்லுக்குள் ஓர் உருண்டை. உடம்பெல்லாம் முள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் நாதஸ்வரத்தின் வாய்போல் விரிந்திருந்தது. இடுப்பில் மட்டும் அரைஞாண் கட்டியதுபோல் முட்கள் வரிசையாக நின்றன. மனிதன் என்ற பேச்சே எழாத காலத்தில் வாழ்ந்த ஒன்று.

அது என்ன என்பதில்தான் சண்டை. சிலர் பாசி என்றார்கள். சிலர் ஏதோ கடற்பிராணியின் முட்டை என்றார்கள். கடலில் சுழன்று திரியும் நுண்ணுயிர் ஒன்று தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கூடு என்று இன்னொரு கட்சி. முள் எத்தனை, நுனி எப்படி, ஓட்டில் என்ன அடையாளம் என்று பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும்.

"கண்டதை மட்டும் வரை," என்றார் துரை. விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கற்ற தமிழ். எது சொன்னாலும் கட்டளையாகவே வரும். "உன் யோசனை வேணாம். புது இனமா இருந்தா, உன் பேர் வைக்கிறேன்."

கடைசி வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளையில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அப்பா எடுத்த எடுப்பிலேயே, "எங்க பய பேரு சீமைப் புஸ்தகத்துல ஏறப்போகுதுங்க," என்றார்.

"அப்படிங்களா! எதுக்கு வைக்கிறாங்க? ரோட்டுக்கா?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"ஒரு உசுருக்குங்க."

"என்ன உசுரு?"

அப்பா என்னைப் பார்த்தார். "அது செத்துப்போச்சுங்க," என்றேன்.

"அடப்பாவமே. எப்ப?"

"உலகம் உண்டான காலத்துல."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அதுதான் பெண், பெயர் விசாலம். புத்தகம் வரட்டும், தட்டு மாற்றலாம் என்று முடிவாயிற்று.

துரையிடம் இருந்த முள்ளுருண்டைகள் ஒன்பது. ஒன்பதிலும் உச்சந்தலையில் ஓர் ஓட்டை, ஒரு சில்லு பெயர்ந்து போனதுபோல. உடைந்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொன்னேன். பின்னமான விக்கிரகத்தைப் பூஜையில் வைக்காத வீடு எங்களுடையது. விளிம்பு நசுங்கிய சொம்பில் விருந்தாளிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டோம். என் பெயரைத் தாங்கப்போகிற ஒன்று மண்டையில் ஓட்டையோடு லண்டன் போவதா? ஒன்பது படத்திலும் பென்சிலால் மூடினேன். மூடிய இடத்தில் நாலு முள்ளும் வைத்தேன். (இதிலெல்லாம் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.) துரை காய்ச்சலில் படுத்திருந்தார். படங்கள் சரிபார்க்கப்படாமலே கப்பலேறின.

சில மாதம் கழித்து லண்டன் நிபுணரின் பதில் வந்தது. அவரிடம் இருப்பவற்றில் உச்சியில் ஒரு திறப்பு உண்டாம், எங்களுடையதில் இல்லையாம். ஆகவே இது புது இனம், ஒருவேளை புது வகுப்பாகவே இருக்கலாம். அச்சிடுமுன் கண்ணாடித் தகடுகளையும் அனுப்பி வைக்கவும்.

துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சமையற்கார அப்பு முதல் பெரிய கங்காணி வரை அத்தனை பேருக்கும் செய்தி சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் துரை, கட்டி அனுப்புமுன் கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருந்தார். ஒன்பதையும் பார்த்தார். மறுபடி ஒன்பதையும் பார்த்தார்.

"வா. பாரு. ஓட்டை இருக்கா?"

"இருக்குங்க, தொரை."

"உன் படத்துல?"

"மூடிட்டேங்க."

"ஏன்?"

"ஒடஞ்சிருந்துச்சுங்க. பின்னமானதுக்குப் பேர் வைக்கிறது ஆகாதுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஒன்பது பானை கீழ விழுது. ஒன்பதும் ஒரே எடத்துல, ஒரே மாதிரி உடையுமா?"

"உடையாதுங்க."

"அப்ப அது உடைசல் இல்ல. கதவு," என்றார். "உள்ள இருந்தது திறந்துட்டுப் போயிருச்சு."

நான் மறுபடி குனிந்து பார்த்தேன். ஓட்டையின் ஓரம் அளந்து வெட்டியதுபோல் இருந்தது. சேற்றுக்குள் காத்துக் கிடந்து, காலம் வந்ததும் மூடியைத் திறந்து வெளியேறிய ஓர் உயிர். அத்தனை யுகமும் திறந்தே கிடந்த வாசல். சாத்துவதற்கு நான்தான் பிறந்து வரவேண்டியிருந்தது.

ஆக, ஒன்பதும் ஏற்கெனவே தெரிந்த இனம். துரை உண்மையை எழுதி மன்னிப்புக் கேட்டார். பதில் ஒரே வரி: "உங்கள் ஓவியருக்குக் கற்பனை வளம் அதிகம்." அதைத் துரை என்னிடமே கொடுத்துவிட்டார். டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அப்புத்தளைக்கு நானே போய், அந்த நாலு முள் உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணின் தகப்பனார் வெற்றிலைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து விசாலத்தின் குரல் வந்தது: "வந்து நேர்ல சொல்றாருல்லப்பா, போதும்." தட்டு மாறியது.

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்துவிட்டு ஏணி தேடினேன். விசாலம் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை.

"ஏணி எதுக்குங்க? பென்சில எடுங்க. நாலு முள்ளும் வச்சிருங்க."