மாப்ளைக்குப் பூ சாங்ஷன் ஆவல

சித்தூர்ப் பக்கம் ரிசப்ஷன்னா மாப்ள கோட்டு போட்டே ஆவணும். வெயில் மண்டையப் பொளந்தாலும் சரி, மண்டபத்துல ஏசி படுத்துக்கினாலும் சரி, கோட்டு உண்டு. இது எந்தச் சட்டத்துலயும் இல்ல. அதனாலதான் எல்லாரும் ஒழுங்கா கடைப்பிடிக்கறாங்க.

இப்போ கொஞ்ச நாளா அந்தக் கோட்டுல பூ வேற குத்தணும்னு ஆயிடுச்சு. மாப்ளைக்கு நெஞ்சுல பூ, பொண்ணுக்கு மணிக்கட்டுல பூ. இத்தன காலமா தலையில இருந்த பூவு ஏன் கைக்கு எறங்குச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. போன்ல வந்துச்சு, அவ்ளோதான்.

ரூபாவும் போன்லதான் பாத்தா. கட்டிக்கப் போறவன் சுதீர், ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப் ஒண்ணுல காண்ட்ராக்ட் மெக்கானிக். "கோட்டுதான் வாடகை. பூவாவது நான் கட்டினதா இருக்கட்டும்"னு அவன்கிட்ட சொல்லிட்டா. அவனும் போன்லயே வெக்கப்பட்டான்.

திருப்பதி பூ மார்க்கெட்டுல போயி வெள்ளை ரோஜா வாங்கியாந்து, கூடத்துல கட பரப்பி உக்காந்தா. காம்பக் கிள்ளி, கம்பி சொருவி, பின்னால ஒரு கொத்து மரிக்கொழுந்து வச்சு, பச்சை டேப்பு சுத்தணும். மொதல் ரோஜா கழுத்து ஒடிஞ்சு செத்துது. அடுத்தது கீரைக்கட்டு மாதிரி வந்துச்சு. கையெல்லாம் கம்பி குத்தி, கடைசியா ஒண்ணு அமைஞ்சுது பாரு, அடடா! குட்டியா, அடக்கமா, சுதீர் மாதிரியே. தனக்கும் கைக்கு ஒண்ணு கட்டிக்கினு, ரெண்டையும் பிரிட்ஜுல தோசை மாவு பக்கத்துல வச்சா.

தண்ணி பாட்டில் எடுக்க வந்த, அவளப் பெத்த நைனா கோவர்த்தனன் அதப் பாத்துட்டாரு. அங்க புடிச்சுது சனி.

கோவர்த்தனன் கெணத்துக் கணக்கு ஆபீஸ்ல சூப்பரிண்டெண்டு. ஜில்லாவுல இருக்கற கெணத்தையெல்லாம் எண்றதுதான் அந்த ஆபீஸ் வேலை. கெணறெல்லாம் வறண்டு எவ்ளோ காலமோ ஆச்சு. ஆபீஸ் மட்டும் வறளல. இப்போ பள்ளத்த எண்ணிக்கினு இருக்கறாங்க.

"இன்னாம்மா இது?"

"கோட்டுப் பூ, நைனா. அவருக்கு."

"அவருக்கு மட்டுமா? அப்போ எங்க ஆபீசருக்கு?"

"உங்க ஆபீசருக்கா கல்யாணம்?"

"ரூபா, நாலு பேரு கூடற எடத்துல ஒருத்தருக்கு மட்டும் பூ குடுத்தா அது பாரபட்சம். நாளைக்கு யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும். திருப்பதி மலையில இன்னா வழக்கம்?"

"எல்லாப் பூவும் சாமிக்கு. நம்ம யாரும் தலையில வச்சிக்கக் கூடாது."

"ஏன்?"

"அவரு பெரியவரு."

"எங்க ஆபீஸ்ல யாரு பெரியவரு?"

ரூபா வாயத் தொறக்கல. தொறந்தா ஆபீசரு தாமோதரன் சாருக்குப் பூ மட்டுமில்ல, லட்டும் புடிக்கணும்.

அன்னிக்கே மேற்படி மலர் விநியோகம் சம்பந்தமா வூட்டுக் கூடத்துல ஆலோசனை நடந்துச்சு. அட்டெண்டர் நாகபூஷணம் பின்னு டப்பாவோட ஆஜர். நைனா ஒண்ணொண்ணா உத்தரவு போட்டாரு. ஜூனியர் அசிஸ்டெண்டுக்கு மல்லி மொட்டு. சீனியருக்கு ரோஜா. சூப்பரிண்டெண்டுக்கு ரோஜாவும் எலையும். ரிட்டையர் ஆனவங்களுக்கு நேத்து வாங்கின பூ. வெளி ஆபீஸ்ல இருந்து வந்தவங்களுக்கு வலது பக்கம் குத்தணும்.

"சார், நம்ம அப்பாவு சஸ்பென்ஷன்ல கீறாரே?" நாகபூஷணம் கேட்டாரு.

கோவர்த்தனன் கண்ண மூடி யோசிச்சாரு. "காம்பு மட்டும் குத்து. விசாரணை முடிஞ்சப்புறம் பூ."

"தாமோதரன் சாருக்கு?"

தாமோதரன் சாரு பூ மட்டும் தனியா வளந்துச்சு. ரோஜா போதாதுன்னு தாமரை வந்துச்சு. தாமரைக்குத் தொணையா சாமந்தி. பின்னால மரியாதையா ஒரு தென்னங்குருத்து. கட்டி முடிச்சப்போ அதக் கோட்டுல குத்தறதா, கோட்ட அதுல குத்தறதான்னு சந்தேகம் வந்துடுச்சு.

அத்தனையும் கட்டின ரூபாவுக்கு விரல் பூரா கம்பி கீறல். "எல்லாம் முடிஞ்சுதா? இப்போ அவரு பூவ எடுத்துக்கட்டா?"

"யாரு, சுதீரா? அவரு காண்ட்ராக்ட்டாச்சே. போஸ்டே இல்லாதவருக்குப் பூ எந்தத் தலைப்புல குடுக்கறது?"

"நைனா! அவரு மாப்ள!"

"மாப்ள ஆவறது நாளைக்குக் காலையில, தாலி கட்டினப்புறம். ரிசப்ஷன் இன்னிக்கு சாயங்காலம். இப்போதைக்கு அவரு புரொபேஷன்." நைனா அவ முதுகத் தட்டினாரு. "கவலப்படாத கண்ணு. நாளைக்கு சாங்ஷன் ஆயிடும்."

ரூபா நேரா போயி பிரிட்ஜத் தொறந்தா. குட்டி வெள்ளை ரோஜாவ மாவு டப்பாவுக்குப் பின்னால இருந்து எடுத்து, டிபன் டப்பாவுல வச்சு, மண்டபத்துக்கு எடுத்துக்கினு போயிட்டா. மேடையில அவன் வந்து நின்னதும் தானே குத்தி வுட்டுடறதுன்னு திட்டம்.

திட்டத்துல ஒரே ஒரு ஓட்ட. மேடைப் படியில நாகபூஷணம் நின்னுக்கினு இருந்தாரு. பூ இருந்தாதான் மேடைன்னு நைனா அவருக்குச் சொல்லி வச்சிருந்தாரு.

சுதீர் கோட்டுக்குள்ள வேர்த்துக்கினு வந்தான்.

"ஆகண்டி, ஆகண்டி, நில்லுங்க. பூவு ஏதி, காணோமே?"

"அன்னா, நான் மாப்ள."

"பூ இல்லாதவன் எல்லாம் அதத்தான் சொல்றான். சித்த முன்னால கூட ஒருத்தரு வந்தாரு, மாப்ளையோட தாய்மாமன்னு. அனுப்பிட்டேன்."

"ஐயோ, அவரு நெஜமாவே எங்க மாமா அன்னா!"

"இருக்கட்டும் பாபு. சொந்தம் வேற, பூ வேற."

காம்பக் குத்திக்கினு அப்பாவு நெஞ்ச நிமித்தி மேல ஏறிப் போனாரு. நாகபூஷணம் ஒதுங்கி வழி வுட்டாரு. காம்புன்னாலும் கவர்மெண்டுக் காம்பாச்சே.

மேடையில ரூபா பக்கத்துல சோபா காலியா இருந்துச்சு. அப்போதான் தாமோதரன் சாரு வந்தாரு. மனுஷன் வரதுக்கு முன்னாடி தென்னங்குருத்து வந்துச்சு. நிக்க முடியல பாவம், பூ பாரம் ஒரு பக்கமா சாச்சுது. காலியா இருந்த சோபாவுல பொத்துனு உக்காந்துட்டாரு.

மண்டபத்துலயே பெரிய பூ. பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கறாரு. சனங்க வேற இன்னா நெனைக்கும்? மேடைக்குக் கீழயே வரிசை கட்டிடுச்சு. கை குடுத்தாங்க, பரிசு குடுத்தாங்க, பதினாறும் பெத்து வாழச் சொன்னாங்க. தாமோதரன் சாரு எல்லாத்தையும் வாங்கிக்கினாரு. குடுக்கறத வாங்கறது அவருக்குப் புதுசில்ல.

"சார், இது எங்க கல்யாணம்," ரூபா பல்லக் கடிச்சுக்கினு சொன்னா.

"ஆமாம்மா, ஏற்பாடு பிரமாதம்."

ரெண்டு பொம்பளைங்க பின்னால குசுகுசுத்தாங்க. "மாப்ள கொஞ்சம் வயசாளி மாதிரி கீறாரே?"

"இருந்தா இன்னாடி? பர்மனெண்ட் போஸ்டாம்."

"அப்போ பரவால்ல. பொண்ணு குடுத்து வச்சவ."

இதுக்கு மேல ரூபாவால உக்கார முடியல. விருட்டுனு எழுந்து படியில எறங்கினா.

"அம்மா, எறங்கினா திரும்பி ஏற பூ காட்டணும்," நாகபூஷணம் எச்சரிச்சாரு.

"இந்தா பாத்துக்க!"ன்னு கைப்பூவ அவரு மூக்குல இடிச்சுட்டு, நேரா சுதீர்கிட்ட போனா. டிபன் டப்பாவத் தொறந்தா. ரோஜா அப்பிடியே இருந்துச்சு. கோட்டுல குத்தி வுட்டா. பின்னு கொஞ்சம் நெஞ்சுலயும் ஏறுச்சு. சுதீர் "ஸ்ஸ்" கூட சொல்லல.

"அழகா கீது," அவன் சொன்னான்.

"துன்னியா?"

"காலையிலேர்ந்து இல்ல."

பொண்ணும் மாப்ளையும் டைனிங் ஹாலுக்குப் போயி, எலை போட்டு, சாம்பார ரெண்டு தடவை வாங்கித் துன்னாங்க. மண்டபத்துல ஒருத்தரும் அவங்கள தேடல. பொண்ணு இல்லாதது கூட யாரு கண்ணுலயும் படல. தென்னங்குருத்து இருக்குதே.

கோவர்த்தனனுக்குத்தான் மனசு கேக்கல. மைக்க வாங்கி, "மரியாதைக்குரிய பெரியவங்களே, மாப்ள டைனிங் ஹால்ல கீறாரு. மேடையில இருக்கறது எங்க ஆபீசரு"ன்னு அறிவிச்சாரு.

வரிசை ஒரு நிமிஷம் கலங்குச்சு.

"டைனிங் ஹால்ல இருக்கறவருக்கு இன்னா வேலை?"

"காண்ட்ராக்ட்."

"மேல இருக்கறவரு?"

"ஆபீசரு."

வரிசை திரும்ப நேராச்சு. முன்னவிட நீளமாவும் ஆச்சு. முன்ன வாழ்த்த நின்னவங்க, இப்போ மனு குடுக்க நின்னாங்க.

கை கழுவிட்டு வெளிய வந்த சுதீர் அப்பிடியே நின்னுட்டான். வரிசையில நடுவுல அவனப் பெத்த அப்பா. கையில தேங்காத் தட்டு, மூஞ்சி பூரா சிரிப்பு.

"அப்பா, இங்க இன்னா பண்றீங்க?"

"உனக்காகத்தான்டா நிக்கறேன். சாரு மனசு வச்சா உன்னப் பர்மனெண்ட் பண்ணிடுவாராம்."

சுதீர் ரூபாவப் பாத்தான். ரூபா தாமோதரன் சாரப் பாத்தா, நைனாவப் பாத்தா, வரிசையப் பாத்தா. அவ வாயில வந்தது எல்லாம் நல்ல வார்த்தை இல்ல. எல்லாத்தையும் முழுங்கினா. அப்புறம் அவன் கோட்டுல சாஞ்சிருந்த வெள்ளை ரோஜாவ மெதுவா நிமித்தி வச்சா.

"நேரா நில்லு. சார் கண்ணுல படணும்"னு சொல்லிட்டு, அவன் கையப் புடிச்சு இழுத்துக்கினு, வரிசை எங்க முடியுதுன்னு தேடிப் போனா.