இடப்பக்கம் இழுத்த அம்பாசிடர்

அம்பாசிடர் மறுபடியும் இடது பக்கமாக ஒதுங்கிப் போய்க் கட்டில் காலில் முட்டி நின்றது.

ரமாபாய் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் வெள்ளைக் கார். மேல் ஓடு மட்டும்தான் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பொம்மையுடையது. அடியிலிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளைப் பட்டையை வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் சொந்தமாக ஒரு சேஸிஸ் கட்டியிருந்தாள். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக். சஸ்பென்ஷனுக்குப் பேனா ஸ்பிரிங். ஸ்டீயரிங்கைத் தொட்டால் முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து திரும்பும். பேசின் பிரிட்ஜ் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை அவளுக்கு. தலைமுடி போன்ற கம்பியோடு பழகிய கை.

வியாசர்பாடி இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் அந்த வருஷம் புதிதாகச் சின்னக் கார் போட்டி வைத்திருந்தார்கள். அவரவர் கையால் மாற்றிக் கட்டிய காராக இருக்க வேண்டும். சாய்வுப் பலகையிலிருந்து விட்டால் நேராக ஓடி எதிர்க்கோட்டைத் தாண்ட வேண்டும். பெயர் கொடுக்கப் போனவளிடம் மன்றச் செயலாளர் பீம்ராவ், கோலப்போட்டிக்குப் பெயர் கொடுக்கும் இடம் பக்கத்து மேசை என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். ரமாபாய் அந்த மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கணவன் செங்குட்டுவனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. பெண்டாட்டி கார் கட்டுகிற பெருமையைக் கிரேன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு வாக்கிடாக்கியிலேயே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் பாதிப் பேர் கைதட்ட வரப்போகிறார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் கார் இடது பக்கம் இழுத்தது.

வீட்டில் ஓட்டிப் பார்க்க ஒரே இடம்தான். வாசற்படியில் பலகையைச் சாய்த்து, எதிர்ச்சுவரைப் பார்த்துக் காரை விட வேண்டும். முதலில் ரமாபாய் ஸ்டீயரிங் கம்பியை வலது பக்கமாகக் கொஞ்சம் நெம்பினாள். கட்டில் காலுக்குப் பதில் கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்பில் போய் முட்டியது. அதை அவள் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டாள்.

செங்குட்டுவன் தன் தொழில் அறிவை எடுத்துவிட்டான். "ரமா, இது லோடு பிரச்சினை. வலது பக்கம் வெயிட்டு பத்தல."

காசிமேட்டிலிருந்து வலையில் கட்டும் ஈயக்குண்டு கொண்டுவந்தான். வலது பக்கம் அதைப் பற்றவைத்ததும் சேஸிஸ் தரையில் உரசி, கார் பாதி வழியில் படுத்துவிட்டது. உரசாமல் இருக்கப் பெரிய சக்கரம் மாட்டினாள். பெரிய சக்கரம் மட்கார்டில் இடித்தது. மட்கார்டை அறுத்தாள். அறுத்ததில் மேல் ஓடு தளர்ந்து கடகடவென்று ஆடியது. அதை இறுக்கப் போட்ட திருகு பின் ஸ்பிரிங்கை அமுக்கிவிட, அம்பாசிடர் மூக்கைத் தூக்கிக்கொண்டு யாரையோ முறைப்பது போல நின்றது.

செங்குட்டுவன் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றான். அவன் குரலிலேயே அது பொய் என்று தெரிந்தது. ரமாபாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. கட்டி முடித்த அன்று அந்தச் சேஸிஸ் எப்படி இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். பற்றவைத்த தடம் ஒன்றுகூட வெளியே தெரியாது. நகைக்கடையில் வைக்கலாம்.

சனிக்கிழமை துணிந்து கடைசி வைத்தியம் செய்தாள். முன் அச்சையே கழற்றி, வலது பக்கம் பார்க்கிற மாதிரிக் கோணலாக வைத்துப் பற்றவைத்தாள். பலகையில் வைத்து விட்டாள். கார் நூல் பிடித்த மாதிரி ஓடி எதிர்ச்சுவரைத் தொட்டது. இன்னொரு தடவை விட்டாள். அதே நூல். செங்குட்டுவன் உடனே ஓடிப் போய்த் தன் பேன்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. ரமாபாய் பெயரைக் கூப்பிட்டதும் துறைமுகத்து ஆட்கள் விசில் அடித்தார்கள். அவள் நிமிர்ந்து நடந்து போய்க் காரைப் பலகையில் வைத்து விரலை எடுத்தாள்.

இறங்கிய கார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சட்டென்று வலது பக்கம் திரும்பி, தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பக்கத்தில் நடந்த கோலப்போட்டிக்குள் புகுந்து, முதல் பரிசுக்குக் காத்திருந்த மயிலின் கழுத்தை அறுத்துக்கொண்டு போய், நடுவர் அம்மாளின் நாற்காலிக்கு அடியில் நின்றது.

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. மயிலைப் போட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. பீம்ராவ் கோலமாவு அப்பிய காரை எடுத்துவந்து ரமாபாய் கையில் கொடுத்தார். அவர் ஆறுதல் சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் வண்டி நேராத்தான் போவும்," என்றாள். "நம்பிக்கை இல்லன்னா எங்க வூட்டாண்ட வந்து பாருங்க. எல்லாரும் வாங்க."

எல்லாரும் என்று அவள் சொன்னது பேச்சுக்கு. ஆனால் எல்லாரும் வந்துவிட்டார்கள். பீம்ராவ், நடுவர்கள், துறைமுகத்து ஆட்கள், கணக்குத் தீர்க்க வேண்டும் என்று மயில்காரப் பெண். ரமாபாய் குடியிருந்த மூன்றாவது மாடிக்குப் படிக்கட்டு முழுக்கத் தலைகள். கூடத்தில் சுவரோரமாக ஒட்டி நின்று, கட்டில்மேல் ஏறி நின்று, காருக்கு நடுவில் வழி விட்டார்கள்.

ரமாபாய் கோலமாவை முந்தானையால் துடைத்தாள். காரை வாசற்படிப் பலகையில் வைத்து விட்டாள். அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, மூக்கைத் தூக்கிய அம்பாசிடர் கூடத்தின் நடுவே ஒரு கோடு கிழித்த மாதிரி ஓடி எதிர்ச்சுவரைத் தொட்டது.

கைதட்டல் தெருவில் கேட்டது. பீம்ராவ், மண்டபத்துத் தரைதான் கோணலாக இருந்திருக்க வேண்டும் என்று மன்றத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்து, கோப்பை அவளுக்குத்தான் என்று அங்கேயே அறிவித்தார். மயில்காரப் பெண்கூடக் காரை வாங்கித் தடவிப் பார்த்தாள். செங்குட்டுவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ரமாபாய் சுவரில் சாய்ந்து நின்று, இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கைதட்டாமல் நின்றவர் ஒருவர்தான். கொத்தனார் மாரியப்பன். அன்று காலை மண்டபத்துத் தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பலகை போட்டுக் கொடுத்தவர். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காரைக் கையில் வாங்கி, கோணலாக வைத்த அச்சை ரொம்ப நேரம் பார்த்தார். முதன்முதலில் கட்டியபோது வண்டி எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்டார். இடது பக்கம் என்றாள் ரமாபாய்.

மாரியப்பன் காரை அவளிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கட்டில்மேல் நின்றவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீ மொதல்ல கட்டுன வண்டி சொக்கத்தங்கம்மா, அதுல ஒரு கொறையும் இல்ல. இப்ப எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, குதிக்காம, மெதுவா கீழ எறங்குங்க... சாஞ்சினு கீறது இந்த பில்டிங்கு."