பல் டாக்டரின் முள்காடு

இனிமேல் விலை நான்தான் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். புதர் வெட்டி, வேர் தோண்டி, காலி மனைகளைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். ஆனால் எந்த மனைக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது பதினாறு வருஷமாக என் மனைவி. கடப்பாரையோடு முள்ளுக்குள் நுழைவாள். பத்தடிக்கு ஒரு குத்து. வெளியே வந்து ஒரு தொகை சொல்வாள். அதை நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் விலை போல அறிவிக்க வேண்டும்.

இந்த முறை மனை ஒரு பல் டாக்டருடையது. அரை ஏக்கர், ஆள் உயரத்துக்கு முள். மூடிய கவரில் விலை கேட்டிருந்தார். போட்டிக்கு, ஊரே 'மொட்டை' என்று கூப்பிடும் இன்னொரு காண்டிராக்டர் வேறு. நான் பைக்கை விட்டு இறங்காமலேயே வேலியை ஒரு சுற்று சுற்றினேன். இரண்டு நாள் வேலை. நாற்பதாயிரம்.

"உள்ளே போய்ப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"அனுபவசாலிக்கு வெளியே நின்னாலே தெரியும்."

"அடியில என்ன இருக்குன்னுகூடவா?"

"மண்ணு இருக்கும். வேற என்ன, மாளிகையா இருக்கும்?"

"இருந்தா?"

"இங்க பாரு. இந்த வேலை எனக்குக் கிடைச்சா, இனிமே எந்தக் கொட்டேஷன்லயும் நீ மூக்கை நுழைக்கக் கூடாது."

"கிடைக்கலைன்னா?"

"ஆயுசு முழுக்க நீயே விலை போடு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"சரிங்க."

எங்கள் தாம்பத்தியத்தில் இது இரண்டாவது 'சரிங்க'. முதலாவது கல்யாணத்துக்குச் சொன்னது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு சிக்கல். நான் எழுதியதை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. அதனால் சுத்தப்பிரதி எடுப்பது எப்போதும் அவள்தான். கிறுக்கிக் கொடுத்தேன். கடைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன் என்றாள். சாயங்காலம் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டேன், கவரில் வைத்து ஒட்டினேன், டாக்டரிடம் கொடுத்தேன். படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். குமாஸ்தா எழுதியதை எந்த ராஜா படித்திருக்கிறார்?

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வேலை உங்களுக்குத்தான். மொட்டை முப்பத்தெட்டாயிரம்தான் கேட்டார். ஆனா உங்க தொண்ணூறுதான் நியாயமா பட்டுச்சு."

"எந்தத் தொண்ணூறு?"

"நீங்க எழுதினதுதான். முள்ளுக்கு அடியில பழைய வீட்டு அஸ்திவாரம், கிழக்கு மூலையில மூடாத கிணறு, அஞ்சு பெரிய அடிமரம். மொட்டை இதுல ஒண்ணையும் பார்க்கலையே. வேரை விட்டுட்டு மேல மட்டும் எடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

அன்று கடைக்குப் போய் வந்தவளின் முழங்கையில் ஏன் அத்தனை கீறல் என்று இப்போதுதான் புரிந்தது. நாற்பதுக்கு எடுத்திருந்தால் அந்தக் கிணற்றிலேயே நான் குதித்திருக்க வேண்டியதுதான். ஆனாலும் வேலை கிடைத்துவிட்டதே. பந்தயம் பந்தயம்தான். இனி வீட்டில் என் ராஜ்ஜியம்.

"ஆமா டாக்டர். நாலு மணி நேரம் முள்ளுக்குள்ளேயே நின்னு பார்த்தேன்" என்றேன்.

டாக்டர் அட்வான்ஸை நீட்டினார். நான் கையை நீட்டியதும் அவர் கை பின்னால் போயிற்று.

"அடடா, கடைசி வரியை மறந்துட்டேனே. 'இன்று முதல் விலை பேசுவதும் பணம் வாங்குவதும் என் மனைவி மட்டுமே. என்னிடம் கொடுத்தால் நான் பொறுப்பல்ல.' கீழே உங்க கையெழுத்து."

"அது சும்மா எழுதினது டாக்டர்."

"சும்மாவா? இதைப் படிச்சுதான் நீங்க நேர்மையான மனுஷன்னு முடிவு பண்ணேன். போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

கதவைத் திறந்தேன். வெளியே பெஞ்சில் நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக, எந்தப் பல்லும் வலிக்காமல், மடியில் கைப்பையோடு என் மனைவி.