ஐம்பத்தேழு நொடி மனிதர்

வலக் காதில் கைபேசி, மூக்குக்கு நேராக இடக் கைக் கடிகாரம். வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் நொடி முள்ளோடு ஓடிக்கொண்டிருக்கும். இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நிமிடக் கஞ்சர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். காசுக் கஞ்சரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவர் விருந்தாளிக்கு முழு மீன் பொரித்துப் போடுவார், குளிர்ந்த சோடா உடைத்துத் தருவார், பஸ் நிறுத்தம் வரை வந்து வழியனுப்புவார். ஐம்பத்தெட்டாவது நொடியை மட்டும் தரமாட்டார்.

ஆப்பிரிக்க ஏரிக்கரை நகரமான ம்வான்சாவில் பருத்தி ஆலை எடைமேடையில் எழுத்தராக இருக்கும் மலோங்கோ இந்த இனத்தில் நன்கு முற்றிய ஒருவர். அவருடைய அக்கா மகன் லுஹெண்டே அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்தே மாமாவின் கடிகாரப் பார்வையைக் கவனித்து வருகிறான். விஷயம் எளிது. மாதா மாதம் ஒரு தொகை கட்டினால் கம்பெனி இருநூறு நிமிடம் இலவசமாகத் தரும். கட்டிய பிறகு அது எப்படி இலவசம் என்று கேட்காதீர்கள், மாமாவுக்குக் கோபம் வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே ஒரு நொடி போனாலும் இரண்டு நிமிடமாகக் கழித்துக்கொள்வார்கள். அதனால் ஐம்பத்தேழில் துண்டித்துவிட வேண்டும். வாக்கியம் முடிந்ததா? வார்த்தையாவது முடிந்ததா? அது கேட்பவர் பாடு.

"மாவு வாங்கிட்டு வா, ஆனா மூலைக் கடையில மட்டும்" என்று மனைவி கபூலாவிடம் ஒரு நாள் துண்டித்தார். அவள் மூலைக் கடையில் மட்டும் வாங்கினாள். வண்டு விழுந்த அந்த மாவில் இரண்டு வாரம் உகாலிக் களி கிண்டிப் போட்டாள், வேண்டுமென்றே.

லுஹெண்டே பட்டம் வாங்கிய அன்றும் மாமா அழைத்தார். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. "படிச்சு முடிச்சுட்டோம்னு நெனைக்காத. இனிமேதான் நீ" என்றார். ஐம்பத்தேழு. இனிமேல்தான் அவன் என்ன? சம்பாதிக்க வேண்டுமா, அடங்க வேண்டுமா, ஊரைவிட்டுப் போக வேண்டுமா? நான்கு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறான், இன்னும் தெரியவில்லை. அந்த இரண்டாம் பாதி கிடைத்திருந்தால் வாழ்க்கை கொஞ்சம் நேராகப் போயிருக்குமோ என்று சில நாள் தோன்றும். ஒரு முறை கேட்டும் பார்த்தான்.

"நான் அப்படியா ஆரம்பிச்சேன்?" என்றார் மாமா.

மாதக் கடைசி நாளில் இதே மனிதர் வேறு பிறவி எடுப்பார். மிச்சம் பிடித்த நிமிடங்கள் அன்றோடு செத்துப்போகும் அல்லவா? விடுவாரா? பழைய வாத்தியார், மச்சினியின் நாத்தனார், எப்போதோ ஒரு முறை கால்சட்டை தைத்த தையல்காரர், எல்லாரையும் அழைத்து ஆட்டுக்குட்டி முதல் அண்டை வீட்டு முழங்கால் வலி வரை விசாரிப்பார். அன்று தெருவில் பாதிப் பேர் கைபேசியை அணைத்து வைப்பார்கள். தையல்காரர் அதை ரேடியோவின் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு சட்டைக்குக் கை தைத்து முடித்துத் திரும்ப எடுப்பார். மாமா அப்போதும் விசாரித்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் லுஹெண்டேயின் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

பெண் மின்ஸா, அவனுடைய பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்ப்பவள். அவளுடைய அப்பா மிஹாயோ, மகு என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தில் மாடு வைத்திருப்பவர். கெய்தாவிலிருந்து ஒரு லாரிக்காரரும் பெண் கேட்டிருந்தார். மழையில் பாலம் போய்விட்டது. பெண்ணுக்குப் பரிசமாகத் தர வேண்டிய மாட்டு எண்ணிக்கையைப் போனிலேயே பேச வேண்டிய நிலை. மாப்பிள்ளை தானே பேசினால் மரியாதை இல்லை. அப்பா இல்லாத பையனுக்கு மாமாதான் பேச வேண்டும்.

"அப்பா மாசக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பாராம். அதுக்கப்புறம் லாரிக்குச் சரின்னுடுவாராம்" என்றாள் மின்ஸா. "உங்க மாமா பேசுவாரா, மணி பார்ப்பாரா?"

இருபத்து நான்காம் தேதி மாமா கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டு மிஹாயோவை அழைத்தார்.

"மலோங்கோவா? நல்லா விடிஞ்சுதா?"

"நல்லா விடிஞ்சுதுங்க."

"வீட்டுல எல்லாம் சௌக்கியமா? பசங்க? உங்க பக்கம் மழை எப்படி?"

"பெய்யுதுங்க. வந்து, நம்ம பையன்"

"இரு தம்பி, வரேன். உங்க வீட்டுக் கெடாரி கன்னு போட்டுச்சா?"

ஐம்பத்தேழு. டக்.

மறுபடி அழைத்தார். நீங்களும் நானும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். சுகுமா இனப் பெரியவர்களுக்கு விட்ட இடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு அழைப்பும் புதிதாக வாசலில் வந்து நிற்கிற ஓர் ஆள். வந்தவரை விசாரிக்காமல் விஷயம் பேசினால் அது என்ன வீடு?

"மலோங்கோவா? நல்லா விடிஞ்சுதா?" என்றார் மிஹாயோ.

மூன்று அழைப்பு. மூன்று முறை விடிந்தது. மூன்று முறை கிடாரி கன்று போட்டது.

"மாமா, ஒரே ஒரு தடவை கடிகாரத்தைக் கழட்டி வையுங்களேன். ரீசார்ஜ் கார்டு நான் வாங்கித் தரேன்" என்றான் லுஹெண்டே.

"எங்கிட்ட அறுபத்தெட்டு நிமிஷம் கெடக்கு. நீ எனக்குக் கார்டு வாங்கித் தர்றியா? இப்பப் பாரு."

நான்காவது முறை, எதிர்முனையில் மூச்சுச் சத்தம் கேட்டதுமே மாமா பாய்ந்தார். "எத்தனை மாடு?"

எதிர்முனையில் பெரியவர் செருமிக்கொண்டார்.

"இது வீடு. மாட்டுச் சந்தை ரோட்டைத் தாண்டி இருக்கு" என்றார் மிஹாயோ. துண்டித்தது அவர்தான். மலோங்கோவை முந்திக்கொண்டு துண்டித்த முதல் மனிதர்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்போது நொடிதான் ஆச்சு. முழு நிமிஷம் கழிச்சிருப்பான் பாவி."

அதன்பின் ஒரு வாரம் மிஹாயோ எடுக்கவேயில்லை. லாரிக்காரர் படகில் வந்து இரண்டு மூட்டை சர்க்கரை இறக்கிவிட்டுப் போனதாக மின்ஸா சொன்னாள். சொல்லும்போது லுஹெண்டேயின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் ஆய்வுக் கட்டுரை எழுதியவன், தன் கல்யாணத்துக்கு ஒரு வரி பேச முடியாமல் மாமாவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படித்தது எதற்கு என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்ட வாரங்களில் அதுவும் ஒன்று.

கடைசி நாள் வந்தது. மாலை, மாடு வீடு திரும்பும் நேரம். மாமாவிடம் அறுபத்து நான்கு நிமிடம் மிச்சம். கபூலா அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தை உருவித் தன் இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். "இப்பப் பேசு" என்றாள்.

மிஹாயோ எடுத்தார். எடுத்தவரிடம் மாமா பகல் போன விதம் கேட்டார், மழை கேட்டார், ஒவ்வொரு மாட்டையும் நிறம் சொல்லி விசாரித்தார், செத்துப்போன காளைக்குத் துக்கம் கேட்டார், மச்சினனின் இடுப்பு, பக்கத்து ஊர்க் கிணறு, போன வருடப் பருத்தி, ஒன்று விடவில்லை. மாதக் கடைசியில் தெருவே ஓடி ஒளிகிற அதே பேச்சு அங்கே தேனாக இறங்கியது. பெரியவர் இரண்டு தடவை சிரித்தார்.

"சரி தம்பி, இப்ப விஷயத்துக்கு வருவோம். பதினாலு மாடு."

"ஆமாங்க."

"பொண்ணு வேலையை விடமாட்டா."

"ஆமாங்க, ஆமாங்க."

"ஆனா ஒன்னு. கல்யாணத்துக்கப்புறம் நீங்க எனக்கு"

"ஆமாங்க, அப்படியே செஞ்சுடறோம்" என்றார் மாமா, மீதி கரகரப்பில் மறைந்ததைக் கவனிக்காமல், பழக்க தோஷத்தில். சொல்லிவிட்டுக் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தார். இணைப்பு போயிருந்தது. நாற்பத்து மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது.

லுஹெண்டே ஓடிப்போய் கார்டு வாங்கி வந்தான். அதற்குள் நாற்பத்து மூன்று நிமிடப் பேச்சில் பெரியவரின் பேட்டரி செத்திருந்தது. மறுநாள் படகுக்காரர் மூலம் செய்தி வந்தது. பேச்சு முடிந்தது, சொன்னதற்கெல்லாம் மலோங்கோ சம்மதித்தார், நல்ல மனிதர், மாட்டோடு வாருங்கள்.

மாமா கம்பெனிக் கவுன்ட்டருக்குப் போய்ச் சண்டை போட்டார். "அறுபத்து நாலுன்னு மெசேஜ் வந்துச்சும்மா. பாக்கி இருபத்தொண்ணு எங்க?"

"அது ராத்திரி பன்னெண்டுலேருந்து காலைல ஆறு மணி வரைக்கும் பேசறதுக்கு ஐயா."

"அந்நேரத்துல யார்கிட்டம்மா பேசறது?"

"அது உங்க இஷ்டம் ஐயா."

கல்யாணம் நடந்தது. பதினான்கு மாடும் போய்ச் சேர்ந்தன. மூன்று வருடம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மிஹாயோ, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, லுஹெண்டேயின் தோளில் கை வைப்பார். "எல்லாம் சந்தோஷம் மாப்ள. உங்க மாமா ஒத்துக்கிட்டாரே, அது எப்போ?"

"சீக்கிரம் செஞ்சுடறோங்க" என்பான். அது என்ன என்று கேட்டால், அன்று யாரும் காது கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். மின்ஸா கேட்டுப் பார்த்தாள். "அது ஆம்பளைங்க பேச்சு" என்றுவிட்டார் அப்பா.

போன வாரம் துணிந்துவிட்டான். அவமானம் ஆனாலும் ஆகட்டும் என்று அவனே அழைத்தான். விடியல் ஆனது, மழை ஆனது, மாடு ஆனது. "ஏதோ கேட்க வந்தியே, கேளு மாப்ள" என்றார் பெரியவர். லுஹெண்டேயின் இடக் கை, அவனைக் கேட்காமலே, மூக்குக்கு நேராக எழுந்தது. ஐம்பத்தாறு.

டக்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு எல்லா அழைப்பும் அளவில்லாமல் இலவசம், கடிகாரமே கட்டுவதில்லை. நல்லது. நேற்று உங்கள் அம்மா போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, வேறெதையோ பார்த்தபடி "சரிம்மா, செஞ்சுடறேன்" என்றீர்களே, எதற்குச் சரி சொன்னீர்கள்? தெரியாதா? அவரும் கேட்பார். மிஹாயோ இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.